மணப்பாட்டுக் குன்றும் பழைய கோயில்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மத்தியதரைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைப் பற்றியும், அங்குள்ள பழைய தேவாலயங்களைப் பற்றியும் பேச வேண்டுமெனச் செயற்குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டனர். எங்களுள் ஒருவரேனும் இத்தாலியையோ மால்ட்டாவையோ கண்டவர் அல்லர். காணாத ஊரைக் கண்டதுபோல் பேசுவது எளிது. நம் மேடைகளில் அது நடவாததும் அன்று. ஆயினும், திருவனந்தபுரத்திலிருந்து விடியலில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடத்தக்க தொலைவிலேயே அத்தகைய ஊர் ஒன்று இருக்கும்போது, புத்தகத்தில் படித்ததைச் சொல்வானேன் என்று கருதினோம். சென்ற ஆண்டு நம் சங்கத்துக் குடும்பங்கள் பன்னிரண்டு, இரண்டு வேன்களில் அவ்வூருக்குச் சென்று வந்தன. ஊரின் பெயர் மணப்பாடு. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணற்குன்றின் அடியில் அமைந்த ஊர்.

மத்தியதரைக் கடலோரத்து ஊர்களின் இலக்கணம் யாது? கரையிலிருந்து துருத்தி நிற்கும் ஒரு மேடு. அதன் உச்சியில், கடலில் வருவோனுக்கு முதலில் தென்படும் கோயில். அதன் காலடியில் நெருங்கிய வீடுகள். பிரான்சு நாட்டு மார்சேய் நகரத்துக் குன்றின்மேல் உள்ள மாதா கோயிலின் உள்ளே, புயலில் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு செய்தளித்த சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன என்பர். கடலோடியின் பக்திக்கு எந்தக் கரையிலும் ஒரே முகம்தான். புயல் வரும், நேர்த்திக்கடன் பிறக்கும், கரையில் ஒரு கோயில் எழும். நம் வேளாங்கண்ணியிலும் போர்ச்சுகீசிய மாலுமிகள் தப்பிக் கரை சேர்ந்த கதை சொல்லப்படுகிறது. மணப்பாட்டின் கதையும் அவ்வாறே தொடங்குகிறது. அதற்கு முன் வழியைச் சற்றுக் கடந்துவிடுவோம்.

கரமனையிலிருந்து நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாகச் சென்றோம். 1956 நவம்பர் முதல் நாள் வரை இவ்வழியில் மாநில எல்லை என்பதே கிடையாது. கல்குளமும் விளவங்கோடும் அகத்தீசுவரமும் தோவாளையும் திருவிதாங்கூரின் பகுதிகள். இன்று எல்லை களியக்காவிளையில் நிற்கிறது. ஆனால் கோயில்களின் எல்லை அங்கு நிற்கவில்லை. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளனவாயினும், திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஓகிப் புயலில் அவ்வூர்களின் மீனவர்கள் எத்தனையோ பேர் கடலிலிருந்து திரும்பவில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் அதே நாள்களில் அழுகுரல் எழுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வலியதுறை, செறியதுறை, பூந்துறை, பள்ளித்துறை என்று நம் நகரத்துக் கடற்கரையின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்; சின்னத்துறைக்கும் பூத்துறைக்கும் உடன்பிறந்தவை போல் ஒலிக்கின்றன அல்லவா!

உதயகிரிக் கோட்டையில் அரை மணி நேரம் நின்றோம். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சரணடைந்து, பின்னர் அவருடைய படைக்கே தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டி லன்னாய், 1777இல் மறைந்து, இக்கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் இன்று கூரையற்ற சுவர்களாக நிற்கிறது. கல்லறைக் கல்லில் இலத்தீன் எழுத்தும் உண்டு, தமிழும் உண்டு. டச்சுத் தளபதி ஒருவர், திருவிதாங்கூர் மன்னரின் பணியில் இறந்தபோது, அவர் கல்லில் பொறிக்கத் தக்க மொழிகளுள் ஒன்று தமிழ் எனக் கருதப்பட்டது. இதை எங்கள் குழந்தைகளுக்குக் காட்டியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கோட்டாற்றில் புனித சவேரியார் கோயிலையும் கண்டோம். டி லன்னாயின் நட்பால் கிறித்துவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15ஆம் நாள் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

உவரியில் கப்பல் வடிவிலேயே கட்டப்பட்ட மாதா கோயில் ஒன்று உண்டு. அதனுடன் ஒரு விமானமும் சேர்த்துக் கட்டியுள்ளனர். குழந்தைகள் அதை விட்டு வர மறுத்தனர். எங்களுக்கு அக்கட்டடம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

உவரியைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. பனைகள், செம்மணல் தேரிகள், மீண்டும் பனைகள். அருகில் உள்ள உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தாய்மார்களுக்கு அச்செய்தி அரசு அறிவிப்பதற்கு முன்பே தெரியும். பனைகள் விலகிய ஓரிடத்தில், வலப்பக்கம் கடலும், கடலை மறித்துக்கொண்டு ஒரு மேடும், மேட்டின்மேல் சிலுவைக் கோயிலும் கலங்கரை விளக்கமும் ஒருங்கே தோன்றின. வண்டியில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினர். பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவது எளிய செய்தி அன்று.

குன்றின் ஒருபுறம் கருமேனியாறு கடலைத் தேடி வந்து மணலில் தயங்கித் தேங்குகிறது. மறுபுறம் அலைகள் பாறையில் மோதுகின்றன. நடுவே ஊர். மணிரத்தினம் அவர்களின் ‘கடல்’ என்னும் திரைப்படம், 2013இல் வெளிவந்தது, இங்கே படமாக்கப்பட்டது என்று இளைஞர் சிலர் வியந்தனர். அவர்களுக்கு ஊர் அறிமுகமானது அவ்வழியில். எந்த வழியில் வந்தால் என்ன!

1540ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசிய வணிகக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து அலைந்ததாம். உயிர் பிழைத்தால் அந்த முறிந்த மரத்தைச் சிலுவையாக்கிக் கரையில் நடுவேன் என்று தலைவன் நேர்ந்துகொண்டான். கப்பல் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது. குன்றின்மேல் சிலுவை நடப்பட்டது. அது ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது. அச்சிலுவையைச் சூழ்ந்து எழுந்த திருச்சிலுவைக் கோயிலின் ஆண்டு 1581. கீழே ஊருக்குள் பரிசுத்த ஆவியின் கோயிலும், யாகப்பர் கோயிலும் உள்ளன. மூன்றையும் நடந்தே கண்டுவிடலாம். எனினும் எங்கள் மனத்தில் நின்றது மேலே உள்ள சிறிய கோயிலே. உயர்ந்த கோபுரம் இல்லை. மிகுந்த அலங்காரமும் இல்லை. வாயிலில் நின்று திரும்பினால் மூன்று பக்கமும் நீர். காற்று பேச விடாது.

இக்கரையின் பரதவர் பெருமக்கள் கிறித்துவத்தைத் தழுவியது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு. முத்துக்குளிப்பில் ஏற்பட்ட பகையால் நெருக்குண்டு, 1535இல் கொச்சிக்கு ஆளனுப்பிப் போர்ச்சுகீசியரின் காவலைக் கேட்டனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் அவர்கள் மொழியில் ஒரு செபமேனும் சொல்லித்தருவதற்கு ஆளில்லை. பெயர் மட்டும் மாறியிருந்தது.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாட்டிலேயே அவர் முதலில் காலடி வைத்தார் என்பது மரபு. குன்றின் கடற்புறத்தில் ஒரு குகை உள்ளது. அதில் தங்கித் தவம் செய்தார் என்பர். உள்ளே இன்று பீடம் அமைத்துள்ளனர். கடல் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அங்குள்ள கிணற்று நீர் உப்புக் கரிக்காமல் இருப்பதை ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளிப் பருகித் தெளிந்தோம்.

சவேரியாரைப் பற்றிப் பேசுவோர் அவர் செய்த புதுமைகளைப் பேசுவர். எங்களுக்கு அவர் பட்ட ஓர் இடர்ப்பாடே பெரிதாகத் தோன்றியது. அவருடைய தாய்மொழி பாஸ்கு. இம்மக்களின் மொழி, போர்ச்சுகீசியர் மலபார் மொழி என்று குறித்த தமிழ். அவர் சொல்வது இவர்களுக்கு விளங்காது. இவர்கள் சொல்வது அவருக்கு விளங்காது. இதை அவரே தம் மடலில் எழுதியிருக்கிறார். கோவாவிலிருந்து உடன் வந்த இக்கரை மாணவர் மூவரையும், இருமொழியும் சிறிது அறிந்த சிலரையும் அமர்த்திக்கொண்டு, செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் சொல் சொல்லாகத் தமிழில் மாற்றி, பொருள் முழுவதும் பிடிபடாமலே மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துச் சென்று குழந்தைகளைக் கூட்டினார். குழந்தைகள் கற்று வீட்டில் பெரியோர்க்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு ஆள் சேர்க்க முயல்வோர் அந்த மணியை எண்ணிக்கொள்ளலாம்.

1544இல் அவர் இவ்வூரிலிருந்து எழுதிய மடல்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவ்வாண்டு கோடையில் விசயநகரப் படையினர் குமரிக் கரையைத் தாக்கினர். பரதவர் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடி ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தி மணப்பாட்டுக்கு எட்டியதும், சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக் குமரிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது. நாள் கணக்கில் துடுப்பு வலித்தும் தோணிகளால் முனையை அடைய முடியவில்லை. முடிவில் கரை வழியாக நடந்தே அம்மக்களிடம் சென்றார். குன்றின் உச்சியில் நின்று தெற்கே நோக்கும்போது, எதிர்க்காற்றில் தத்தளித்த அந்த இருபது தோணிகளையே எண்ணினோம். கோயிலுக்கு உரிய பெருமை கட்டடத்திலா இருக்கிறது?

சவேரியாரால் முடியாததை அவர் பின் வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் முடித்தார். போர்ச்சுகல் நாட்டவர், 1546இல் இந்தியா வந்து, 1600இல் புன்னைக்காயலில் மறையும் வரை இக்கரையிலேயே வாழ்ந்தவர். தமிழைப் பேசவும் எழுதவும் முறையாகக் கற்று, இலக்கணமும் வகுத்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20ஆம் நாள் அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே, இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. அது அச்சானது மதுரையிலன்று, தஞ்சையிலன்று. இன்று கேரளத்தில் உள்ள கொல்லத்தில்! நமக்கு அடுத்த மாவட்டத்தில். இதைத் திருவனந்தபுரத்துத் தமிழர் எத்தனை பேர் அறிவோம்?

இனி ஊருக்குள் வருவோம். மணப்பாட்டின் தெருக்களில் பெரிய வீடுகள் பல உள்ளன. தூண்கள், வளைவுகள், மாடங்கள், கடல் காற்றில் வெளுத்த மரக் கதவுகள். கடல் வாணிகத்தில், சிறப்பாக இலங்கையோடு நடந்த வாணிகத்தில் ஈட்டிய செல்வம் கட்டிய வீடுகள். அவற்றுள் பல பூட்டிக் கிடந்தன. உரிமையாளர் தூத்துக்குடியிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். திண்ணைகளில் சில பெண்கள் பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தனர். அவ்வூரின் பெயர்பெற்ற கைவேலை அது.

ஒரு வீடு மட்டும் திறந்திருந்தது. மூதாட்டி ஒருவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருப்பதாகவும், ஆண்டுக்கு மூன்று முறை வந்து வீட்டைத் திறந்து தூசு தட்டிச் செல்வதாகவும், செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவின்போது பேரன் பேத்திகளுடன் நாற்பது பேர் இவ்வீட்டில் படுத்து எழுவர் என்றும் சொன்னார். பிறகு எங்களைக் கேட்டார்.

“நீங்க எந்த ஊரு?”

“திருவனந்தபுரம், அம்மா.”

“அது இருக்கிற ஊரு. சொந்த ஊரைல்லா கேக்கேன்?”

எங்களுள் ஒருவர் கல்லிடைக்குறிச்சி என்றார். ஒருவர் தென்காசி என்றார். வள்ளியூர், சுசீந்திரம், ஆழ்வார்குறிச்சி என்று வரிசையாக வந்தது. இறுதியில், ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன், தன்னையும் கேட்டதாக எண்ணி, “கரமனை” என்றான். நாங்கள் சிரித்தோம். அம்மூதாட்டி சிரிக்கவில்லை.

“அங்கெ சொந்த வீடு இருக்கா, மக்கா?”

“வாடகை வீடு.”

“அப்பம் திருவிழாவுக்கு எங்கெ போவிய?”

சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். தந்தை குன்றைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் எழுந்த விவாதத்தை இங்கே முழுமையாகச் சொல்ல இயலாது. சிறுவன் சொன்னது பிழை என்று சிலர். அவன் கரமனையில் பிறந்தவன். கிள்ளியாற்றின் கரையில் விளையாடுபவன். ஆற்றுகால் பொங்கலும் அவனுடையது, ஓணமும் அவனுடையது. பார்த்தறியாத ஊரை அவன் எவ்வாறு தன் ஊர் என்பான் என்று சிலர். நாங்கள் இரண்டாமவர் பக்கமே. பிள்ளை பொய் சொல்லவில்லை. கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவனல்லர்.

அவ்விவாதம் வெறும் பேச்சாக இருக்கவில்லை. எங்களுடன் வந்த குடும்பம் ஒன்று ஊரிலிருந்த பூர்வீக வீட்டை விற்க முன்பணம் வாங்கியிருந்தது. கூரை ஒழுகுகிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, மகளின் படிப்புக்குப் பணம் வேண்டும். விற்கலாகாது என்று மனைவியார் வண்டியிலேயே கண் கலங்கினார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்கில்லை. வீடு தை மாதம் கைமாறிவிட்டது. ஆனால் ஆண்டுதோறும் அம்மன் கொடைக்கு ஊருக்குச் சென்று, சிற்றப்பா வீட்டில் மூன்று நாள் தங்குவது என்று அவர்கள் முடிவு செய்திருப்பதாக அறிகிறோம். இவ்வாண்டு சென்றும் வந்தனர்.

அவ்விவாதத்தின் நடுவே, விண்வெளி நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தும்பையை நினைவூட்டினார். நம் நகரத்தின் பழைய தேவாலயங்களைப் பற்றிப் பேசும்போது அதை விடலாகாது. நிலக்காந்த நடுக்கோடு தும்பைக்கு மிக அருகில் செல்வதால், 1962இல் விக்கிரம் சாராபாய் அவர்கள் ராக்கெட் தளத்துக்கு அவ்விடத்தைத் தேர்ந்தார். அங்கே மீனவர் குடியிருப்பும், புனித மரிய மகதலேனாள் கோயிலும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்கள் கோயிலில் கூடிய மக்களிடமே கேட்டார், மக்கள் இசைந்தனர். கோயிலையும் வீடுகளையும் அறிவியலுக்குக் கொடுத்துவிட்டு, வேறிடத்தில் புதுக் கோயில் கட்டிக் குடியேறினர். பழைய கோயில் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. இன்று அக்கோயில் விண்வெளி அருங்காட்சியகம். நம் குழந்தைகள் பள்ளியிலிருந்து பார்த்து வருகின்றனர். நம் கூட்டத்தில் பலருக்கு இந்நகரில் ஊதியம் தந்த நிறுவனம் அந்தக் கோயிலில் தொடங்கியது. நாம் இந்நகருக்கு வர இடம் கொடுத்தவருள், தம் இடத்தை விட்டெழுந்த அம்மீனவரும் உண்டு என்று அப்பெரியவர் சொன்னபோது, வண்டியில் இரண்டாம் முறையாகப் பேச்சு நின்றது.

களியக்காவிளையைக் கடக்கும்போது இரவு ஒன்பது மணி. கருப்பட்டி மணம் வண்டி முழுவதும். சிறுவன் பனையோலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே உறங்கிவிட்டான்.

இனிச் செயலாளர் சொல்லச் சொன்ன செய்தி. அடுத்த பயணம் அக்டோபர் 20ஆம் நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை, கொல்லத்துக்கு. தங்கசேரியில் போர்ச்சுகீசியர் கோட்டையின் எஞ்சிய சுவரையும் 1902ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தையும் கண்டபின், முதல் தமிழ் நூல் அச்சான நகரில் குழந்தைகளே ஆளுக்கொரு பக்கம் தமிழ் படிப்பதாக ஏற்பாடு. மணப்பாட்டுத் திருவிழாவுக்கும் ஒரு வண்டி வேண்டும் எனச் சிலர் கேட்டுள்ளனர். பதினைந்து பேர் சேர்ந்தால் செப்டம்பர் 13ஆம் நாள் மாலையே புறப்படலாம். விருப்பமுள்ளோர் விழா முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் பெயர் பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.